உக்கிரபாண்டி நலம்

பாம்பன்
2.7.2025

அக்காவுக்கு,

கலா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். உன் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறுகிற வகுப்பு இந்த வருஷமும் உனக்குத்தானா?

"இனி எனக்குப் போன் பண்ணாதே, மெசேஜும் போடாதே" என்று அன்றைக்குச் சொன்னாய். கடிதத்தைப் பற்றிப் பேச்சு வரவில்லை. அதனால் தபால் ஆபீசுக்குப் போய்க் கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்தவர், "என்னம்மா, கோர்ட்டு கேசா?" என்று கேட்டார். "இல்லண்ணே, எங்க அக்காவுக்கு" என்றேன். கோர்ட்டைவிடப் பெரிய விவகாரம் என்று நினைத்தாரோ என்னவோ, ஸ்டாம்பை அவரே ஒட்டிக் கொடுத்தார்.

நாற்பத்து நாலு வயதில் ஒருத்தி கல்யாணம் செய்துகொள்வதே ஊருக்குச் சிரிப்பு. அதிலும் தையல் மெஷின் மோட்டாரைச் சரிபார்த்துக் கொடுக்க வந்த போட் மெக்கானிக்கை. எட்டாவது தாண்டாதவர் என்று நீ சொன்னது உண்மைதான். பொன்னுச்சாமியும் அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருஷம் உன்னிடம் மறைத்தது தப்பு. ஜூன் ஒன்பதாம் தேதி விடியற்காலையில் உன்னை எழுப்பாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் தப்பு. எழுத்தில் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா? தையல் மெஷினையும் எடுத்துக்கொள்வேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

காலையில் வெறும் வயிற்றோடு கல்லூரிக்கு ஓடாதே.

கலா


ராமநாதபுரம்
19.7.2025

கலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. மாடி வகுப்பு எனக்குத்தான். விலங்கியல் துறையில் மூன்று பேர் இருக்கிறோம். மற்ற இருவருக்கும் முதுகுவலி. முழங்கால் வலியைவிட முதுகுவலிக்கு சீனியாரிட்டி அதிகம் போலிருக்கிறது.

தெரிவிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உன் அறையில் கட்டிலுக்கு அடியில் ஏதோ இருக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டு மலிகா இட்லி மாவு கொடுக்க வந்தாள். வந்தவள் உன் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சரக்கா, எலி! சாம்பக் கலர்ல, வாலு இல்லாம ஓடுது!" என்று கத்தினாள். மாவுத் தூக்கு கூடத்தில் கவிழ்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். எலி இல்லை, தூசி உருண்டை. எலுமிச்சம்பழ அளவு. மின்விசிறிக் காற்றில் கட்டில் காலிலிருந்து சுவர்வரை உருண்டு போய் நின்றது. அது என்னைத் திரும்பிப் பார்த்தது என்று மலிகா சொல்கிறாள். அதற்கு ஆதாரம் இல்லை.

விடைத்தாள் திருத்துகிற வேலை இருப்பதால் அந்த அறையைக் கூட்ட நேரம் கிடைக்கவில்லை.

மழை இல்லை. தண்ணீர் லாரி ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறது.

சண்முகவள்ளி


பாம்பன்
26.7.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை பயந்துகொண்டு, இரண்டாம் முறை சிரித்துக்கொண்டு. மூன்றாம் முறை பொன்னுச்சாமிக்காக வாய்விட்டு. கவிழ்ந்த மாவை நினைத்து அவர் மிகவும் வருத்தப்பட்டார்.

இங்கே அந்தப் பிராணி கிடையாது. கச்சான் காற்று அடிக்கிற மாதம் இது. மேற்கேயிருந்து மணலை வாரிக்கொண்டு வந்து சோற்றில் போடுகிறது. மணல் உருளாது, நறநறவென்று கடிபடும். ஒரு நாளைக்கு மூன்று தடவை கூட்டுகிறேன். "நாலாவது தடவ கூட்டுனா தனுஷ்கோடி தெரியும், தெரியுதான்னு பாரு" என்று இவருடைய கேலி வேறு.

அவ்வளவு பெரிய உருண்டைக்குப் பெயர் இல்லாமல் இருக்கலாமா? உக்கிரபாண்டி என்று வை. நம் சின்ன வயதில் தெருவில் ஒரு காளை இருந்ததே, யார் விரட்டினாலும் நகராது, தானாகத் தோன்றினால் ஓடும். அதன் பெயர்.

ஒரு சந்தேகம். ஆள் இல்லாத அறையில் மின்விசிறி ஏன் ஓடுகிறது?

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ஒரு நாள் வந்து போகட்டுமா?

காலுக்கு வேப்பெண்ணெய் தடவு, வாசனைக்கு முகத்தைச் சுளிக்காதே.

கலா


ராமநாதபுரம்
11.8.2025

கலாவுக்கு,

வேப்பெண்ணெய் தடவினேன். மாணவிகள் முதல் பெஞ்சைக் காலி செய்துவிட்டார்கள். வலி குறைந்திருக்கிறது.

உன் அறையில் வெளிச்சம் நன்றாக விழுகிறது. விடைத்தாளை அங்கே உட்கார்ந்து திருத்துகிறேன். மின்விசிறிக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

உயிரினங்களுக்கு ஆட்பெயர் வைப்பது அறிவியல் முறை இல்லை. உக்கிரபாண்டி நலம். இப்போது சாத்துக்குடி அளவு.

முதலாம் ஆண்டு வகுப்பில் உயிர் என்பதற்கு ஏழு அடையாளங்கள் சொல்லிக் கொடுக்கிறேன். இருபத்து மூன்று வருஷமாகச் சொல்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்களே தவிர யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். நகர்கிறது: ஒரு பிற்பகலில் ஆறடி. உண்கிறது: கிடைப்பதை எல்லாம். வளர்கிறது: நூல் வைத்து அளந்திருக்கிறேன். தூண்டினால் விலகுகிறது: காகிதத்தை வீசினால் கட்டில் காலுக்குப் பின்னால் போகிறது. இனப்பெருக்கம் செய்கிறது: செவ்வாய்க்கிழமை அதிலிருந்து ஒன்று பிரிந்து கதவோரம் குடியேறியிருக்கிறது. சின்னது, கூச்ச சுபாவம். மூச்சு விடுவதும் கழிவை வெளியேற்றுவதும்தான் நிரூபணம் ஆகவில்லை. ஏழில் ஐந்து. எங்கள் துறையில் சிலருக்கு இவ்வளவுகூட வராது.

மலிகா தினமும் உக்கிரபாண்டிக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறாள்.

வேறு செய்தி இல்லை.

சண்முகவள்ளி


பாம்பன்
17.8.2025

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். கை மட்டும் சும்மா இருக்க முடியாமல் தவிக்கிறது. தெருவில் நாலு பேர் ரவிக்கைத் துணியோடு வந்து கேட்டுவிட்டார்கள். மெஷின் அங்கே உன் அறையில், உக்கிரபாண்டியின் காவலில் இருக்கிறது.

மூச்சு விடுகிறதா என்ற கேள்விக்கு இவர் ஒரு பதில் சொன்னார். எஞ்சின் வேலை முடிந்து கையெல்லாம் கிரீஸோடு நின்றபடி, "மதினி சொல்றது சரிதான். ஆனா எஞ்சினும் காத்து குடிக்குது, எண்ண குடிக்குது, பொகையா வெளிய விடுது, சத்தம் போடுது, கோவிச்சுக்கிட்டு நடுக்கடல்ல நிக்குது. நாங்க அதுக்கு உசுரு இல்லேன்னா சொல்றோம்? ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சுத்தான கெளப்புறோம்" என்றார். உன்னிடம் நேரில் வாதாட வேண்டுமாம்.

மதினி என்றுதான் சொல்கிறார். நான் சொல்லித் தரவில்லை.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். நான் வரலாமா? வேண்டாம் என்றாலும் எழுது. தூசியைப் பற்றி எழுதி நழுவிவிடாதே.

கலா


பாம்பன்
10.9.2025

அக்காவுக்கு,

மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ நழுவுவதாக எழுதியிருக்கக் கூடாது. உடம்புக்கு என்னவோ என்று பயந்து மலிகாவுக்குப் போன் போட்டேன். அவளுக்குப் பண்ணக் கூடாது என்று நீ சொல்லவில்லை.

"மலிகா, அக்கா எப்படி இருக்கா?"

"இருக்காக, கல்லுக்குண்டாட்டம். தெனமும் ஒன் ரூம்புலதான் ஒக்காந்திருக்காக. தரையில குனிஞ்சு டார்ச்சு அடிச்சு எதையோ நூல வச்சு அளக்குறாக. ஏ கலா, படிச்சவுகளுக்குக் கிறுக்குப் பிடிச்சா அதும் இங்கிலீசுலதான் பிடிக்குமோ?"

"மூணு மாசமா அந்த ரூம்ப ஏன் கூட்டல?"

"நா கூட்டித் தாரேன்னு வெளக்கமாத்த எடுத்தேன். கையில இருந்து பிடுங்கிட்டாக. வெளிய போன்னுட்டாக."

"ஏன்?"

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அல்லா அறிய வாக்குக் குடுத்திருக்கேன். அவுகளையே கேளு."

கேட்கிறேன். அடுக்களை மேடையில் ஒரு துளி எண்ணெய் இருந்தால் தூக்கம் வராதவள் நீ. என் அறையை ஏன் கூட்டவில்லை?

கலா


ராமநாதபுரம்
22.9.2025

கலாவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மலிகா சொல்வதில் பாதியைத் தள்ளிவிடு.

உக்கிரபாண்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். ஆய்வக உதவியாளர், "என்ன ஸ்பெசிமன் மேடம்?" என்று கேட்டார். வீட்டு விலங்கு என்றேன். அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டார். நுண்ணோக்கியில் ஒரு மணி நேரம் பார்த்தேன்.

கொசுவின் கால் ஒன்று. ஈசல் இறகு. மணல். சாக்பீஸ் தூள், அது என்னிடமிருந்து வந்தது. நீளத் தலைமுடி உன்னுடையது. அதில் இரண்டு நரை. உனக்கு நரைத்திருப்பது எனக்குத் தெரியாது, எப்போதிலிருந்து? குட்டை முடி என்னுடையது. இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. ஊசி வைத்துப் பிரித்துப் பார்த்தேன், அறுந்துதான் வருகிறது. மிச்சமெல்லாம் நூல். பதினான்கு நிறம் எண்ணினேன். பள்ளிக்கூடச் சீருடைக் காக்கி, கிளிப்பச்சை, மலிகா பெண்ணின் நிக்காஹ்வுக்குத் தைத்த ரோஸ். எல்லாவற்றுக்கும் ஆள் தெரிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அரக்கு நிறப் பட்டு இழை, அதிகமாக இருக்கிறது. புதுத்துணி வெட்டினால்தான் இவ்வளவு உதிரும்.

மலிகா தன் போனில் உன் கல்யாணப் படத்தைக் காட்டினாள். நான் கேட்கவில்லை. நீ நீலச் சேலை, நீல ரவிக்கை. அரக்குப் பட்டில் யாருக்குத் தைத்தாய்? நான் வீட்டில் இருக்கும்போது அந்தத் துணியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஆராய்ச்சி ஒரு இழையில் நின்றுவிடுவது எனக்குப் பிடிக்காது. அதற்காகத்தான் கேட்கிறேன்.

சண்முகவள்ளி


பாம்பன்
28.9.2025

அக்காவுக்கு,

தூசி கோள் சொல்லும் என்று தெரிந்திருந்தால் கிளம்பும்போது கட்டிலடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வந்திருப்பேன்.

அது உன் ரவிக்கை.

நீ கல்லூரிக்குப் போனபிறகு மதியங்களில் தைத்தேன். அளவுக்கு உன் பழைய பச்சை ரவிக்கையை எடுத்துக்கொண்டேன். ரெஜிஸ்தர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும் என்றார்கள். அவர் பக்கம் இரண்டு பேர். மூன்றாவது நீ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லி, ரவிக்கையைக் கையில் கொடுத்து, "நாளைக்குப் பத்து மணிக்கு இதப் போட்டுக்கிட்டு வா" என்று கூப்பிடுவதாக இருந்தேன். ஒரு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

பொன்னுச்சாமி என்ற பெயரைச் சொன்னதும் நீ எழுந்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ பேசியதும் நான் பேசியதும் மலிகா வீடு வரைக்கும் கேட்டது. ரவிக்கை என் பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

ஆபீஸ் வாசலில் டீக்கடை வைத்திருக்கிற நெய்னா முகம்மது கையைத் துடைத்துக்கொண்டு வந்து உன் இடத்தில் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர். எங்கள் இருவருக்கும் டீயும் கொடுத்தார்.

ரவிக்கை இங்கே அலமாரியில் இருக்கிறது. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை.

இனி வரலாமா என்று கேட்கப்போவதில்லை. நான்கு மாதமாகக் காத்திருக்கிறேன், இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன்.

கலா


ராமநாதபுரம்
7.10.2025

கலாவுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. பதில் எழுதி இரண்டு முறை கிழித்தேன். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

அன்று காலையில் நான் தூங்கவில்லை. நீ தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கியது கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெரு முனையில் ஒரு முறை நின்றாய். நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நீ முனை திரும்பி மறைந்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. விளக்குமாற்றை எடுத்து உன் அறையைக் கூட்ட ஆரம்பித்தேன். ஜன்னல் ஓரத்திலிருந்து அறையின் நடு வரைக்கும் கூட்டிவிட்டேன்.

காப்பிக்குப் பால் கேட்க வந்த மலிகா பார்த்துவிட்டாள். "என்ன காரியம் பண்றிய டீச்சரக்கா! உசுரோட போன புள்ள, தெரு தாண்டலே இன்னும். மய்யித்து எடுத்த வீடா இது, போன ஒடனே கூட்டித் தள்ளுறதுக்கு?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அய்யாவைத் தூக்கிக்கொண்டு போனதும் நாம் இருவரும்தான் வீட்டைக் கூட்டிக் கழுவிவிட்டோம். உனக்கு நினைவிருக்கும். நான் உன்னையும் அப்படி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தரையைக் கூட்டுவதற்கும் ஒருவருடைய ஆயுளுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனாலும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டேன். அதன்பிறகு எடுக்க முடியவில்லை. நீ திரும்ப இந்த வாசலில் காலை வைக்கிற வரைக்கும் யாரையும் எடுக்க விடுவதில்லை என்று இருந்தேன். அப்படி இருந்துகொண்டே, நீ வரட்டுமா என்று கேட்டபோது சரி என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. வந்தால் எதற்காகக் கூட்டாமல் வைத்திருக்கிறேன் என்று கேட்பாய், சொல்ல வேண்டியிருக்கும். அறையின் நடுவில் நான் விட்ட குவியல்தான் உருண்டு உருண்டு உக்கிரபாண்டி ஆனது.

தலைதீபாவளிக்குப் பெண் வீட்டார் அழைக்க வேண்டும் என்பது முறை. பெண் வீடு என்று இருப்பது நான் ஒருத்திதான். இதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு பத்தொன்பதாம் தேதி மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வாருங்கள். மாப்பிள்ளைக்கு ஆட்டுக்கறி ஒத்துக்கொள்ளுமா என்று எழுது.

தீபாவளிக்கு வீடு முழுக்க ஒட்டடை அடித்துவிட்டேன். உன் அறை மட்டும் அப்படியே இருக்கிறது.

அக்கா


பாம்பன்
11.10.2025

அக்கா,

ஒத்துக்கொள்ளும். இரண்டாம் தடவையும் கேட்பார், வெட்கப்பட மாட்டார்.

மற்றதை எழுத முடியவில்லை. கண் மறைக்கிறது. இங்கே மணல் அப்படி.

வாரோம்.

கலா


ராமநாதபுரம்
26.10.2025

கலாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்ததைப் போனில் சொன்ன பிறகு நன்றாகத் தூங்கினேன். மழையில் நனைந்தாயே, சளி பிடிக்கவில்லையே? மெஷினை ஏற்றிய லோடு ஆட்டோ தார்ப்பாய் மூடித்தானே வந்தது?

போனிலேயே இதையும் சொல்லியிருக்கலாம். எழுதிப் பழகிவிட்டது.

நீ அடுக்களையில் மலிகாவோடு கதை பேசிக்கொண்டிருந்தபோது உன் அறையில் ஒன்று நடந்தது. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலடியில் டார்ச் அடித்தார். பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "மதினி, இது ஒத்த ஆள் இல்ல. குடும்பத்தோட குடியிருக்காக. காலி பண்ணச் சொல்லவா, இல்ல ரேசன் கார்டுல சேத்துருவமா?" நான் சிரித்தது உனக்கு அடுக்களை வரைக்கும் கேட்டிருக்கும். மலிகா ஓடி வந்து எட்டிப் பார்த்தாளே, அதற்குத்தான்.

எஞ்சினுக்கு உயிர் உண்டா என்ற வாதத்தில் அவர் தோற்றார் என்றுதான் நான் நினைக்கிறேன். அவரும் அதையே என்னைப் பற்றி நினைப்பதாகத் தெரிகிறது.

நீ போய்ச் சேர்ந்த மறுநாள், இருபத்து இரண்டாம் தேதி காலையில் அறையைக் கூட்டினேன். நாலு மாதத் தூசி, இரண்டு முறம். உக்கிரபாண்டியை மட்டும் தனியாக எடுத்து முருங்கை மரத்தடியில் விட்டேன். வாடைக்காற்று அவரைச் சுற்றுச்சுவர் தாண்டி மலிகா வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோயிற்று. மலிகா இன்னும் கவனிக்கவில்லை. நேற்று என் கட்டிலடியில் ஒன்று தென்பட்டது, சுண்டைக்காய் அளவு. விளக்குமாற்றை எடுத்தேன். அறை காலியானதும் எனக்கு என்னவோ ஆகிவிடும் என்று பயந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

நீ கொடுத்துவிட்டுப் போன அரக்கு ரவிக்கையை நேற்றுத்தான் போட்டுப் பார்த்தேன். கை இறுக்கிப் பிடிக்கிறது. ஒருத்திக்குச் சமைக்க எனக்கு இன்னும் வரவில்லை. இரண்டு பேருக்குச் சமைத்து இரண்டையும் நானே சாப்பிட்டிருக்கிறேன். அவிழ்த்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தையலுக்கு அப்பால் இரண்டு விரல் துணி விட்டு வைத்திருக்கிறாய். பிரித்துத் தைக்கலாம்.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஊசி நூலைத் தயாராக வை. ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவேன்.

அக்கா